ஒரு கிலோ பட்டுக்கு எவ்வளவு விறகு

ஆரணி
14.6.1999

ஜெயவேலுக்கு,

உன் அடுப்பு எரிகிறது. நேற்றுக் காலை கந்தசாமி ஐயாவின் சாயப்பட்டறையில் பற்ற வைத்தோம். பட்டு நூலை வேகவைத்துப் பசை எடுக்கும் பெரிய அண்டா ஐம்பது நிமிடத்தில் கொதிக்கத் தொடங்கியது. புகை முழுவதும் குழாய் வழியே கூரைக்கு மேலே போய்விட்டது. எதிர்வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்து, "இன்னா, இன்னிக்கு பட்டற லீவா?" என்று கேட்டார். உனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அதுதான். வாங்கிக்கொள்.

உன் சிபாரிசால்தான் உங்கள் ஆராய்ச்சி நிலையம் எனக்கு இந்தக் கள உதவியாளர் வேலையைக் கொடுத்தது. அதை மறக்கவில்லை. வேலூர் பாலிடெக்னிக்கில் ஒரே லேத்தில் நின்றோமே, அப்போது யார் கடைந்த துண்டு அளவு சரியாக வந்தது என்பதையும் மறக்கவில்லை. ஆகவே சொல்கிறேன்: விறகு போடும் வாயை நீ வரைந்ததைவிட இரண்டு அங்குலம் அகலமாகக் கட்டிவிட்டார்கள். கொத்தனாரைக் கேட்டால், "கட்ட உள்ள போவ வாணாமா?" என்கிறார். கந்தசாமி ஐயா பட்டறையில் மட்டும் இடித்துச் சரிசெய்தேன். மற்றப் பதினொரு பட்டறைகளில் நான் வருவதற்கு முன்பே வேலை முடிந்திருந்தது.

உன் அண்ணன் பட்டறையிலும் அடுப்பு தயார். பாதி செலவைத் திட்டம் கொடுக்கிறது என்றதும் ஒப்புக்கொண்டார். "பெங்களூர்ல குந்திகினு படம் போடறவனுக்கு இங்க நெருப்பு எரியறது இன்னா தெரியும்?" என்று என்னிடம் கேட்டார். உங்கள் சண்டைக்குள் வர எனக்குச் சம்பளம் கிடையாது.

சேவூரில் ஓர் அறை எடுத்திருக்கிறேன். ஞாயிறு தோறும் அம்மா தேவிகாபுரத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, எப்போது கல்யாணம் என்று கேட்டுவிட்டுப் போகிறாள். ஓசூரில் மூன்று கம்பெனிகளுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன். ஆறு மாதம்தான் இங்கே. சொல்லிவிட்டேன்.

சுபத்ரா

*

பெங்களூர்
26.6.1999

அன்புள்ள சுபத்ரா,

உன் கடிதத்தை இயக்குநரிடம் படித்துக் காட்டினேன். 'பட்டற லீவா' என்ற இடத்தில் சத்தமாகச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

நீ என்னவோ அடுப்பு கட்ட வந்ததாக நினைக்கிறாய். நாம் செய்வது அதைவிடப் பெரிது. ஆரணியில் சாயமேறும் பட்டில் பெரும்பகுதி இந்தப் பன்னிரண்டு பட்டறைகளில்தான் வேகிறது. பழைய அடுப்பில் ஒரு கிலோ பட்டுக்கு ஒன்பது கிலோ விறகு எரிந்தது. அதை ஐந்தாக்கிவிட்டால் ஊர் ஒரு முழம் பட்டைக்கூடக் குறைத்துக்கொள்ளாமல், வானத்துக்கு அனுப்பும் கரியை ஏறக்குறையப் பாதியாக்கிவிடும். ஒரு நகரம் எவ்வளவு உற்பத்தி செய்கிறது என்பதை யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். அந்த உற்பத்திக்கு எவ்வளவு கரி என்பதுதான் இனிமேல் கேள்வி. திட்டத்தின் அட்டையில் இயக்குநர் எழுதியிருக்கிறார்: 'ஆராய்ச்சியும் தொழிலும் திறமையும் கைகோத்தால் ஊரின் கரி குறையும்.' ஒரு சிறிய ஊரில் இதை முதலில் செய்து காட்டுவது நாம்தான்.

ஆகவே எனக்கு எண்கள் வேண்டும். ஒவ்வொரு பட்டறையிலும் விறகை எடைபோட்டு, நூலை எடைபோட்டு, தேதிவாரியாக எழுது. அடுப்பு வாயைப் பற்றிக் கவலைப்படாதே. இரண்டு அங்குலத்தில் ஒன்றும் ஆகாது.

அண்ணன் நன்றாக இருக்கிறானா? அப்பா போனபோது அவன் பன்னிரண்டாம் வகுப்பை விட்டுவிட்டுச் சாயத்தொட்டியில் கை வைத்தான். நான் படிக்கப் போனேன். படிப்பு முடிந்ததும் திரும்பி வருவேன் என்று அவன் நினைத்திருந்தான். அப்படி நான் சொல்லவும் இல்லை, இல்லை என்று மறுக்கவும் இல்லை. அவன் கோபம் அதுதான். இதை அவனிடம் காட்டாதே.

ஜெயவேல்

*

ஆரணி
22.8.1999

ஜெயவேல்,

இரண்டு மாத எண்கள் இத்துடன் இருக்கின்றன. உட்கார்ந்து படி.

கந்தசாமி ஐயா பட்டறையில் ஒன்பது கிலோ விறகு ஐந்து கிலோ முந்நூறு கிராமுக்கு வந்துவிட்டது. நூற்றுக்கு நாற்பத்தொன்று மிச்சம். மற்றவற்றில் மிச்சம் நூற்றுக்கு ஐந்து, ஆறு, ஏழு. அவ்வளவுதான். உன் அண்ணன் பட்டறையில் நான்கு.

தராசு தவறோ என்று நினைத்து வேறு தராசு கொண்டுபோனேன். பிறகு ஒரு வாரம் கந்தசாமி ஐயா பட்டறையிலேயே காலையிலிருந்து நின்று பார்த்தேன். அங்கே செல்லியம்மாள் என்று ஓர் அக்கா இருக்கிறார். சேவூர்க்காரர், நாற்பது வயது இருக்கும். வண்டியிலிருந்து விறகு இறக்குவதுதான் அவர் வேலை. ஆனால் அடுப்பைப் பற்ற வைத்ததும் அவரே எதிரில் உட்கார்ந்துகொள்கிறார். தொடை பருமனில் வரும் வேலிகாத்தான் கட்டைகளை மணிக்கட்டு பருமனுக்குப் பிளந்து, வெயிலில் நான்கு நாள் காயவைத்து, மூன்று மூன்றாக உள்ளே விடுகிறார். ஏன் அப்படி என்று கேட்டேன்.

"நீங்க கட்டினது சின்ன வயிறும்மா. பெரிய கட்டய அப்படியே திணிச்சா அது செமிக்காது, பொகயா கக்கும். கொஞ்சம் கொஞ்சமா ஊட்டணும்."

"பிளக்கறதுக்குக் கூலி தராங்களா?"

"எறக்கறதுக்குத்தான் கூலி. பொளக்கறது என் கண்ணுக்காக. பழைய அடுப்புல பொக தின்னு தின்னு ஒரு கண்ணு மங்கிப்போச்சு. இந்த ஒண்ணாச்சும் மிஞ்சட்டும்னுதான்."

மற்றப் பட்டறைகளில் கட்டையைப் பிளக்காமல் அப்படியே திணித்து, பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்க, அடுப்புக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறார்கள். யார் பிளப்பது? இறக்குகிறவருக்கு அதில் ஒரு பைசா இல்லை. சாயம் போடுகிறவர், அது தன் வேலை இல்லை என்கிறார். முதலாளி, புது அடுப்பு என்றால் அதுவே மிச்சம் பிடிக்க வேண்டாமா என்கிறார்.

அடுப்பு பாதிதான் ஜெயவேல். மீதிப் பாதி செல்லியம்மாளின் கை. பட்டறைக்கு ஓர் ஆளைப் பழக்கி, பிளப்பதற்குக் கூலி வைத்தால் பன்னிரண்டிலும் நாற்பது வரும். இல்லாவிட்டால் வராது. திட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறதா, கேட்டு எழுது.

சுபத்ரா

*

பெங்களூர்
9.9.1999

சுபத்ரா,

கேட்டேன். இடம் இல்லை. அடுப்புக்குப் பணம் உண்டு, முதலாளிகளுக்கு மானியம் உண்டு, கருவிகளுக்கு உண்டு. கூலி என்ற தலைப்பே கிடையாது. பயிற்சி இரண்டாம் கட்டத்தில் வருகிறது. இரண்டாம் கட்டம் வர முதல் கட்டம் வெற்றி பெற வேண்டும். இது எனக்கும் எரிச்சலாகத்தான் இருக்கிறது. கோழியா முட்டையா என்று இங்கே விவாதித்தால், "உன் ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது, தெரியுமா?" என்று நினைவுபடுத்துகிறார்கள்.

கந்தசாமி ஐயா பட்டறையின் எண்களைத் தனித்தாளில், நல்ல கையெழுத்தில், ஜல்தியாக அனுப்பு. மற்றவை பிறகு போதும்.

ஜெயவேல்

*

ஆரணி
3.10.1999

ஜெயவேல்,

கேட்ட தாள் இத்துடன் இருக்கிறது. மற்றப் பதினொன்றையும் சேர்த்தே வைத்திருக்கிறேன். பிறகு என்ற நாள் எப்போது வரும் என்று எனக்குத் தெரியாது.

உன் அண்ணனிடம் பேசிப் பார்த்தேன். "ஆளுக்கு ஆள் கூலி குடுத்துகினே இருந்தா நான் புடவையா விக்கறது, வெறகா விக்கறது?" என்றார். கடைசியில், "அவன் வந்து சொன்னா செய்யறேன்" என்றார். நீ வருவாயா?

ஓசூரில் ஒரு கம்பெனி நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. போனேன். பெண்ணைப் பட்டறையில் போட முடியாது, அலுவலகத்தில் கோப்பு பார்க்கிறாயா என்றார்கள். திரும்பிவிட்டேன். பஸ்ஸில் முழு வழியும் எனக்குள்ளேயே திட்டிக்கொண்டு வந்தேன். யாரை என்று தெரியவில்லை.

சுபத்ரா

*

பெங்களூர்
20.1.2000

அன்புள்ள சுபத்ரா,

அறிக்கை அச்சாகிவிட்டது. ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். வழவழப்பான தாள், வண்ணப் படங்கள். உன் பெயர் நன்றிப் பக்கத்தில் இருக்கிறது. என் ஒப்பந்தத்தை இரண்டு வருடம் நீட்டிவிட்டார்கள். வீட்டுக்காரரிடம் நிமிர்ந்து பேசினேன், பல மாதங்களுக்குப் பிறகு.

இன்னொன்று. ஜூன் மாதம் இங்கே ஓர் உதவியாளர் இடம் காலியாகிறது. ஆய்வுக்கூடத்தில், கோப்பில் அல்ல. இயக்குநரிடம் உன்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். நீ இங்கே வந்துவிடலாம். ஊர் பிடிக்கும்.

திட்டத்துக்குப் பணம் கொடுத்தவர்கள் மார்ச்சில் ஆரணிக்கு வந்து பார்ப்பார்கள். விவரம் பிறகு எழுதுகிறேன். அறிக்கையில் சில இடங்கள் சுருக்கமாகப் போட்டிருக்கும். படிக்கும்போது அதை மனதில் வைத்துக்கொள்.

ஜெயவேல்

*

ஆரணி
4.2.2000

திரு. ஜெயவேல் அவர்களுக்கு,

அறிக்கை கிடைத்தது. பதினேழாம் பக்கத்தில், 'ஆரணியின் பன்னிரண்டு சாயப்பட்டறைகளில் விறகுச் செலவு நூற்றுக்கு நாற்பத்தொன்று குறைந்துள்ளது' என்று அச்சாகியிருக்கிறது. நான் எடைபோட்டு எழுதிய குறிப்பேட்டின்படி பன்னிரண்டுக்கும் சேர்த்துச் சராசரி ஒன்பது. ஒரு பட்டறையின் எண்ணை எடுத்து ஊருக்கே சூட்டிவிட்டீர்கள்.

'திறமை' என்ற அத்தியாயத்தையும் படித்தேன். உங்கள் நிலையத்து ஆறு பேரின் படங்கள் இருக்கின்றன. செல்லியம்மாள் ஒரு படத்தில் தெரிகிறார், அடுப்புக்குப் பின்னால், முதுகு மட்டும்.

மார்ச்சில் வருகிறவர்களிடம் நான் என்ன சொல்ல வேண்டும் என்பதை எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
தே. சுபத்ரா
கள உதவியாளர்

*

பெங்களூர்
11.2.2000

சுபத்ரா,

அப்படி எழுதாதே. தாங்கவில்லை.

'சரியாக இயக்கினால் குறையக்கூடும்' என்றுதான் நான் எழுதினேன். கையெழுத்துப் பிரதி என்னிடம் இருக்கிறது. இயக்குநர் திருத்தியபோது 'குறைந்துள்ளது' ஆகிவிட்டது. அச்சுக்குப் போகும் முன் ஒரு பிரதி என் மேசைக்கு வந்தது. பார்த்தேன். கையெழுத்துப் போட்டேன். ஒப்பந்த நீட்டிப்புக் கடிதமும் அதே நாளில் வந்தது. இதைவிட விளக்கமாக என்னால் எழுத முடியவில்லை.

ஆனால் இதைக் கேள். அவர்களுக்குத் திருப்தி என்றால் இரண்டாம் கட்டம் வரும். அதில் பயிற்சிக்கு முழு ஒதுக்கீடு இருக்கிறது, நீ கேட்டது அத்தனையும். பட்டறைக்கு ஓர் ஆள், கூலி, எல்லாம். ஒரு வருடத்தில் அந்த நாற்பத்தொன்று உண்மையாகிவிடும். இப்போது நீ குறிப்பேட்டை நீட்டினால் ஒன்பதும் நின்றுபோகும். உனக்கும் வேலை இருக்காது. ஜூன் மாத இடமும் இருக்காது. இது மிரட்டல் இல்லை, நடக்கப்போவதைச் சொல்கிறேன்.

கந்தசாமி ஐயா பட்டறைக்கு மட்டும் கூட்டிப் போ. அங்கே காண்பதில் பொய் எதுவும் இல்லை. டீ கொடுத்து, ஒரு புடவை காட்டி அனுப்பிவிடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

ஜெயவேல்

*

ஆரணி
19.3.2000

ஜெயவேல்,

வேறு யாரும் உனக்குத் திரித்துச் சொல்லும் முன் நானே சொல்லிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தார்கள். டெல்லியிலிருந்து ஓர் அம்மா, ஒரு வெளிநாட்டுக்காரர், உங்கள் இயக்குநர். நீ சொன்னபடி கந்தசாமி ஐயா பட்டறைக்குத்தான் கூட்டிப்போனேன். இதை நீ நம்ப வேண்டும். அன்று காலை வரை உன் சொல்லையே கேட்பதாக இருந்தேன். ஜூன் மாத இடம் எனக்கும் வேண்டியிருந்தது.

எல்லாம் நன்றாகவே நடந்தது. புகை இல்லை. டெல்லி அம்மா கைக்குட்டையை அடுப்புக்கு மேலே பிடித்து, கரி படிகிறதா என்று பார்த்துத் தலையை ஆட்டினார். கிளம்பும் நேரத்தில் உன் அண்ணன் தெருவில் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னா எல்லாரும் இங்கியே வந்துட்டுப் போறீங்க? எங்க பட்டறயும் உங்க கணக்குல இருக்குதுல்ல? வாங்க, வந்து பாருங்க."

இயக்குநர் நேரமில்லை என்றார். அதற்குள் அந்த வெளிநாட்டுக்காரர் நடக்க ஆரம்பித்துவிட்டார்.

உன் அண்ணன் பட்டறைக்குள் யாராலும் கண் திறக்க முடியவில்லை. அடுப்புக் கதவு திறந்து கிடக்க, இரண்டு முழக் கட்டைகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. டெல்லி அம்மா இருமிக்கொண்டே, "அதே அடுப்புதானே இது?" என்று கேட்டார். இயக்குநர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கும் முன் பின்னாலிருந்து செல்லியம்மாள் அக்காவின் குரல். பின்தொடர்ந்து வந்தது எனக்குத் தெரியாது.

"அடுப்பு அதேதான். ஊட்டறவங்கதான் வேற."

அவர் யாரிடமும் கேட்கவில்லை. நீட்டிக்கொண்டிருந்த கட்டைகளை இழுத்துத் தண்ணீர் தெளித்து அணைத்தார். மூலையில் கிடந்த கோடாலியை எடுத்துக் காய்ந்த கட்டைகளாகப் பார்த்துப் பிளந்தார். மூன்று மூன்றாக விட்டுக் கதவைச் சாத்தினார். இருபத்தைந்து நிமிடம். வெளியே போய்ப் பார்த்தால் குழாயில் புகை நூல்போல மெலிந்து, பிறகு தெரியவே இல்லை. உன் அண்ணன் மேலே பார்த்தபடியே நின்றார்.

டெல்லி அம்மா என்னிடம் வந்து, "இந்த அம்மாவுக்கு யார் பயிற்சி கொடுத்தது? எத்தனை பட்டறைகளில் இப்படி ஆள் இருக்கிறார்கள்?" என்று கேட்டார். ஒரே ஒரு பட்டறை, யாரும் பயிற்சி கொடுக்கவில்லை என்றேன். "அப்படியென்றால் நாற்பத்தொன்று?" என்றார். குறிப்பேடு என் பையில் இருந்தது. கொடுத்தேன்.

அவர் கேட்காமல் இருந்திருந்தால் கொடுத்திருப்பேனா என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். தெரியவில்லை. நேராகக் கேட்டபோது பொய் சொல்ல வரவில்லை, அவ்வளவுதான்.

சுபத்ரா

*

பெங்களூர்
14.4.2000

சுபத்ரா,

இரண்டாம் கட்டம் ரத்து. இயக்குநர், எண்ணைத் தவறாகத் தொகுத்தவன் நான் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். இந்த மாதத்தோடு என்னை வெளியே அனுப்புகிறார்கள். உனக்கும் கடிதம் வந்திருக்கும்.

நீ செய்தது தவறு என்று சொல்ல மாட்டேன். சொல்லவும் முடியாது. ஆனால் ஊரில் பன்னிரண்டு பட்டறை இருக்க, என் அண்ணன் பட்டறையில் வைத்தா? அவன் கண்முன்னால் நான் பொய்யன் ஆனேன். இனி அந்தத் தெருவில் எப்படி நடப்பேன்? செல்லியம்மாளுக்குக் கூலி வேண்டும் என்றாய். இப்போது யாருக்கு என்ன கிடைத்தது, சொல்.

பதில் எழுத வேண்டாம்.

ஜெயவேல்

*

ஆரணி
12.11.2000

ஜெயவேல்,

பதில் வேண்டாம் என்றாய். ஏழு மாதம் எழுதவில்லை. நீ பெங்களூர் பீன்யாவில் ஒரு பாய்லர் கம்பெனியில் இருப்பதாக உன் அண்ணன் சொன்னார். முகவரி கொடுத்ததும் அவர்தான்.

யாருக்கு என்ன கிடைத்தது என்று கேட்டாய். அதற்கு இப்போதுதான் பதில் இருக்கிறது.

நீ கோபமாக எழுதிய அந்த வாரமே உன் அண்ணன் செல்லியம்மாள் அக்காவின் வீட்டுக்குப் போய், "எங்க பட்டறைக்கு வந்துடும்மா, எறக்கற கூலியும் தரேன், பொளக்கற கூலியும் தரேன்" என்று கூப்பிட்டார். அந்தப் புகை மெலிந்ததை அவரால் மறக்க முடியவில்லை. விஷயம் தெரிந்து கந்தசாமி ஐயா தெருவிலேயே கத்தினார்: "என் ஆள இஸ்துகினு போறியா?" பிறகு அவரும் கூலியை ஏற்றினார். மூன்றாவதாக ஒருவர் வந்து இன்னும் ஏற்றினார். ஒரு மாதம் ஊரில் இதே பேஜார்தான். விறகு இறக்க வந்தவரை ஏலம் எடுக்காத குறை.

கடைசியில் சாயப்பட்டறைக்காரர்கள் சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். செல்லியம்மாள் அக்காவைக் கூப்பிட்டுப் பொதுவில் ஒரு முடிவு சொல்லு என்றார்கள். அவர் உட்காரவில்லை, நின்றபடியே பேசினார்.

"நான் ஒருத்தி பன்னண்டு அடுப்பு பாக்க முடியாது. நாலு பொம்பளைங்கள நானே பொறுக்கறேன். எல்லாருக்கும் மாசக் கூலி. வெறகு நாலு நாள் முன்னாடியே வந்துடணும், ஈர வெறகு தொட மாட்டோம். அடுப்புக்கு முன்னாடி நாங்க சொல்றதுதான். மொதலாளி வந்து கட்டய திணிக்கக் கூடாது."

கடைசி வார்த்தைக்கு ஒருவர் எழுந்து, யாரிடம் பேசுகிறாய் என்று ஆரம்பித்தார். உன் அண்ணன் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "நம்மாண்ட இருந்தது வெறும் செங்கல்தான்பா. அந்தம்மா பேசட்டும்." ஒப்புக்கொண்டார்கள். மனசோடு எல்லோரும் இல்லை. மூன்று பட்டறைகள் இன்னும் வெளியேதான் நிற்கின்றன.

திட்டம் என்னை அனுப்பிய பிறகும் நான் எடைபோடுவதை நிறுத்தவில்லை. ஐந்து மாதம் கோச்சிங் சென்டரில் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டே காலையில் தராசோடு சுற்றினேன். சேர்ந்த ஒன்பது பட்டறைகளில் முப்பத்தாறு. பன்னிரண்டுக்கும் சேர்த்தால் இருபத்தெட்டு. அடுப்பு வாய்களையும் இரண்டு அங்குலம் குறுக்கிவிட்டோம்.

எனக்கு ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது. பட்டறைத் தளத்தில். ஜனவரியில் சேர வேண்டும். அம்மா அழுகிறாள், நான் பெட்டி கட்டுகிறேன். போக வேண்டும் என்று இத்தனை நாள் துடித்துவிட்டு, இப்போது ஒன்று உறுத்துகிறது. நான் போனால் தராசைப் பிடிக்க ஆள் இல்லை. எடை போடாவிட்டால் ஆறு மாதத்தில் முதலாளிகளுக்குச் சந்தேகம் வரும். பிளப்பதற்கு எதற்குக் கூலி என்பார்கள். சங்கம் ஒரு டெக்னீஷியனைப் போடத் தயார். சம்பளம் குறைவு. இதை உனக்கு எதற்கு எழுதுகிறேன் என்று நீயே யோசி.

சுபத்ரா

*

பெங்களூர்
2.12.2000

சுபத்ரா,

உன் கடிதம் வந்த அன்று பாய்லரில் வால்வு மாற்றிக்கொண்டிருந்தேன். கையெல்லாம் கிரீஸ். அப்படியே படித்தேன், தாள் கறையாகிவிட்டது.

ஏப்ரலில் எழுதியதற்கு மன்னித்துக்கொள். அண்ணன் முன்னால் பொய்யன் ஆனதற்கு உன்மேல் கோபப்பட்டேன். பொய் என்னுடையது.

ஒன்று சொல்லட்டுமா? நான் வரைந்த அடுப்பின் முன் ஒரு நாள்கூட நான் உட்கார்ந்ததில்லை. பெங்களூரிலிருந்து ஆரணிக்கு ஒரு பகல் பயணம்தான். நிலையத்தில் இருந்த ஆறு வருடத்தில் நான்கு முறை வந்தேன், நான்கும் கல்யாணத்துக்கு.

யோசிக்கிறேன். சரி என்று இன்னும் சொல்லவில்லை.

ஜெயவேல்

*

ஆரணி
18.11.2001

அன்புள்ள சுபத்ரா,

ஓசூரில் உன்னை ஷிஃப்ட் பொறுப்பாளர் ஆக்கியதாக உன் அம்மா சொன்னார். போன ஞாயிறு தேவிகாபுரம் போயிருந்தேன். உன் கல்யாணத்தைப் பற்றி என்னிடமும் கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லித் தப்பித்தேன்.

சங்க வேலைக்கு வந்து பத்து மாதம் ஆகிறது. இன்னும் நிலைகொள்ளவில்லை. இரவில் தறி சத்தம் நின்றுபோனால் விழித்துக்கொள்கிறேன், ஏதாவது கம்பெனிக்கு விண்ணப்பம் எழுதுகிறேன், காலையில் தபாலில் போடாமல் தராசைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறேன். அண்ணன் முதல் மூன்று மாதம் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் பேசினான். இப்போது சாயத்தைப் பற்றியும் பேசுகிறான். அப்பாவைப் பற்றி இன்னும் பேசவில்லை.

செல்லியம்மாள் அக்கா என்னை விறகு பிளக்கச் சொன்னார். அரை நாள் பிளந்தேன். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டுப் பாதியைத் தள்ளி வைத்தார். "படிச்சவருன்னு சொன்னாங்க" என்றார். சேர்ந்த நான்கு பெண்களில் ஒருவர் வேலூருக்குப் போய்விட்டார், அங்கே ஒரு பட்டறையில் கூலி கூடுதலாம். அக்கா வேறு ஒருவரைப் பழக்குகிறார். வெளியே நின்ற மூன்றில் ஒன்று சேர்ந்துவிட்டது. இரண்டு இன்னும் பிடிவாதம்.

செப்டம்பரில் ஊரின் சராசரி முப்பத்திரண்டு வந்தது. அண்ணனே சொன்னான், உனக்கு எழுது என்று. அப்போது எழுதியிருக்க வேண்டும். அடுத்த மாதம் நாற்பதைத் தொட்டுவிடும், அப்போது எழுதலாம் என்று காத்திருந்தேன்.

அக்டோபர் முதல் வாரத்திலேயே மழை பிடித்தது. விடவே இல்லை. கமண்டல நாகநதியில் தண்ணீர் ஓடுகிறது, பார்க்க ஊரே போகிறது. விறகு காயவில்லை. அக்காவும் மற்றவர்களும் கட்டைகளை வீட்டுக்குத் தூக்கிப்போய்ச் சமையல் அடுப்பைச் சுற்றி அடுக்கிக்கூடப் பார்த்தார்கள். புகை திரும்பவும் கறுப்பாக வந்தது. நேற்று சங்கத்தில் மாதக் கணக்கு வாசிக்கும் நாள். தலைவர் முன்கூட்டியே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்த ரெண்டு பட்டறக்காரனும் வந்து குந்திகினு இருக்கான். கொறச்சு சொன்னா சிரிப்பான். முப்பதுன்னு சொல்லிடேன், மழை நின்னா எப்படியும் வந்துடும்ல?" என்றார்.

கூட்டத்தில் எழுந்து நின்றேன். செல்லியம்மாள் அக்கா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் முதல் வரிசையில்.

அக்டோபர் கணக்கு பத்தொன்பது சுபத்ரா. பத்தொன்பது என்றே வாசித்தேன். அந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு விறகு காயவைக்க ஒரு தகரக் கொட்டகை போடுவது பற்றி ஒரு மணி நேரம் சண்டை நடந்தது. சிரித்தவர்களில் ஒருவர், தன் பட்டறைக்குப் பின்னால் காலி மனை கிடக்கிறது, வேண்டுமானால் வந்து பாருங்கள் என்றார்.

ஜெயவேல்